நண்பன் பிரான்சுக்குப் படிக்க வருகிறான், நீங்கள் ஒரு வருஷம் முன்னால் போனவர்: என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

புதுச்சேரியில் ஒருவன் பிரான்சுக்குப் போகிறான் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது அங்கே ஒரு சித்தப்பா இருப்பார், இல்லையென்றால் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தா இருப்பார். அதனாலேயே ஒரு தப்பான நினைப்பும் உண்டு: 'அதான் ஆள் இருக்கே, போய் இறங்கினால் பார்த்துக்கொள்வார்கள்.' குடியுரிமையோடு குடும்பமாகப் போகிறவர்கள் கதை வேறு, மாணவர் விசாவில் ஒரு பெட்டியோடு போகிறவன் கதை வேறு. சித்தப்பாவுக்கு அந்தக் காலத்தில் வங்கிக் கணக்கு எப்படித் தொடங்கினோம் என்பதே மறந்துபோயிருக்கும். இப்போது அந்த வேலையெல்லாம் தெரிந்தவர், போன வருஷம் போய் ஒவ்வோர் அலுவலகத்திலும் முட்டிக்கொண்டு நின்ற நீங்கள்தான்.

நான் லியோனில் இரண்டு வருஷம் முதுகலை படித்தேன். இரண்டாம் வருஷம் செப்டம்பரில் கடலூரிலிருந்து என் கல்லூரி நண்பன் வந்தான், அப்புறம் பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண், அவள் வழியாக இன்னும் இரண்டு பேர். முதல் ஆளுக்கு எல்லாவற்றையும் நானே செய்தேன். படிவம் நிரப்பினேன், போன் பேசினேன், கவுன்டரில் அவன் பக்கத்தில் நின்று அவனுக்குப் பதிலாக நானே 'வூய், வூய்' என்று தலையாட்டினேன். பிப்ரவரியில் நான் இன்டர்ன்ஷிப்புக்காக வேறு ஊரில் இருந்தபோது அவனுக்குக் காய்ச்சல். டாக்டரிடம் நேரம் வாங்கத் தெரியாமல் மூன்று நாள் மிளகு ரசமும் போர்வையுமாகக் கிடந்திருக்கிறான். ஏன்டா என்று கேட்டால், 'நீதானே மச்சான் எப்பவும் புக் பண்ணுவே' என்றான். அடுத்து வந்த மூன்று பேருக்கும் வேறு மாதிரி உதவினேன். அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வரப்போகிறவர்களும் படிக்கலாம், நண்பனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் அவன் முகம் சுருங்கும் என்று தெரியும்.

ஊரில் இருக்கும்போதே

காம்பஸ் பிரான்ஸ் (பிரான்சில் படிக்கப் போகிறவர்களுக்கான அரசு அமைப்பு) விண்ணப்பம், நேர்முகம், விசா இதெல்லாம் அவர்கள் வேலை. அதில் நீங்கள் தலையிட வேண்டாம், நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் உதவி தேவைப்படுவது இரண்டு விஷயத்தில்: பெயர், பெட்டி.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டிருப்போம், சிலர் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பட்டத்தில் பின்னால். பிரான்சில் இவை நான்கும் நான்கு வேறு ஆட்கள். வகுப்பில் உங்களை உங்கள் அப்பா பெயரைச் சொல்லி அழைப்பார்கள், அதுகூடப் பரவாயில்லை, ஒரு மாதத்தில் பழகிவிடும், ஆனால் மருத்துவக் காப்பீட்டு எண் வாங்கும்போது பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகவில்லை என்று கோப்பு திரும்பி வந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே நண்பனிடம் இப்போதே சொல்லுங்கள்: பெற்றோர் பெயர் இரண்டும் உள்ள பிறப்புச் சான்றிதழை எடுத்து, பிரெஞ்சில் மொழிபெயர்த்து, கையோடு கொண்டு வா. புதுச்சேரியில் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பிரான்சுக்குப் போய்ச் செய்தால் பக்கக் கணக்கில் யூரோவாகப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம், எந்தப் படிவமாக இருந்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து, உள்ள வரிசை, அதே மாதிரி. அழகாக இருக்கிறது என்று ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது.

இனி பெட்டி. கடலூர்க்காரன் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பிவைத்து வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டார்கள். நெய் ஒரு டப்பா, பால்கோவா இரண்டு பெட்டி, தினத்தாளில் சுற்றிய கறிவேப்பிலை, பண்ருட்டி முந்திரி, பருப்புப்பொடி, இட்லிப்பொடி, பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று மூன்று சுற்றுப் போட்ட நெத்திலிக் கருவாடு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அங்கேயே அடிபட்டுப் போயின. பச்சை இலை, பழம் கொண்டுவர வேண்டுமென்றால் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் இந்த ஐந்துக்கு மட்டும்தான் விலக்கு. கறிவேப்பிலையும் போயிற்று. ஆனால் உலர்ந்த மீன், சொந்த உபயோகத்துக்கு என்றால், 20 கிலோ வரை கொண்டுவரலாம். அவன் அம்மாவுக்கு இது கடைசி வரை புரியவில்லை. 'நாறுறதை விடுவானாம், நெய்யை விடமாட்டானாம், என்ன ஊருடா அது' என்றார். அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

குக்கர் விஷயத்தில் நான் அனுபவப்பட்டவன். நான் கொண்டுபோனது அலுமினியக் குக்கர். மாணவர் அறைகள் பலவற்றில் இன்டக்ஷன் அடுப்புதான், அதில் அலுமினியம் சூடேறவே ஏறாது, இரண்டு வருஷம் அதில் பேனா போட்டு வைத்திருந்தேன். அடியில் காந்தம் ஒட்டும் ஸ்டீல் குக்கர், 3 லிட்டர் போதும். நம்ம ஊர் மூன்று பின் பிளக் அங்கே சுவரில் நுழையாது, ஆகவே ஒரு மாற்று பிளக்கும் ஊரிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எடுத்து வரச் சொல்லுங்கள், ஒரே மாற்று பிளக்கில் நான்கு சார்ஜர் ஓடும். கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு ஜோடி. பல்லில் ஏதாவது இருந்தால் ஊரிலேயே முடித்துவிட வேண்டும்.

வந்திறங்கும் நாள்

சென்னை விமான நிலையத்துக்கு ஈசிஆரில் மூன்று மணி நேரத்துக்கு மேல், அங்கே காத்திருப்பு, பறப்பு, எங்காவது மாறுவது என்று ஆள் வந்து சேரும்போது ஒரு நாள் முழுக்கத் தூக்கமில்லாமல்தான் வருவான். பாரிஸின் ஷார்ல் து கோல் நிலையத்தில் இரண்டாம் டெர்மினலிலேயே அதிவேக ரயில் நிற்கிறது, லியோனுக்கு இரண்டு மணி நேரம். மலிவாகக் கிடைக்கிறதே என்று விமானம் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பும் ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். குடியேற்ற வரிசை, பெட்டி வருவது, இதிலேயே அது போய்விடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வையுங்கள். கிளம்பும் வாரத்தில் வேலைநிறுத்தம் ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், அங்கே அது மழை மாதிரி, சொல்லிவிட்டு வரும், ஆனால் வரும்.

முதல் நாள் எந்த அலுவலக வேலையும் வேண்டாம். குளியல், சோறு, அம்மாவுக்கு போன், தூக்கம். மறுநாள் காலை பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், முதல் பாடம் அங்கேதான். கடலூர்க்காரன் உள்ளே போனதும் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி ஆங்கிலத்தில் ஒன்று கொடுங்கள் என்றான். அந்த அம்மா அவனையே பார்த்தார். அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான். அவர் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, 'போன்ழூர்', அதாவது வணக்கம், என்றார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் கண்ணைக் காட்டினேன், அவனும் 'போன்ழூர்' என்றான், உடனே அவர் முகம் மலர்ந்து, ரொட்டியும் வந்தது, சிரிப்பும் வந்தது. நாம் டீக்கடையில் 'அண்ணே' என்று ஆரம்பிக்காமல் 'ஒரு டீ' என்று மட்டும் சொன்னால் எப்படி இருக்கும், அதே கதைதான். பஸ் ஓட்டுநர், லிஃப்டில் ஏறுகிறவர், டாக்டர் காத்திருப்பு அறையில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் என எல்லோருக்கும் போன்ழூர். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததால்தான் பிரெஞ்சுக்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்ற பேச்சு பாதி கிளம்பியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முகவரி என்ற முடிச்சு

இதுதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று கேட்பார்கள். வீடு எடுக்க வங்கிக் கணக்கு கேட்பார்கள். வீடு இல்லாமல் முகவரி எங்கே? வந்த புதிதில் எல்லோரும் இந்த வட்டத்தில்தான் சுற்றுவார்கள். இதை அவிழ்க்கக் கூடியவர் நீங்கள் ஒருவர்தான், அதுவும் ஒரு பக்கக் கடிதத்தில். அதன் பெயர் அத்தெஸ்தாசியோன் தெபெர்ஜ்மான். 'இன்னார் இந்தத் தேதியிலிருந்து என் வீட்டில் தங்கியிருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூடவே உங்கள் அடையாள அட்டை நகல், உங்கள் பெயரில் சமீபத்தில் வந்த மின்சார பில் அல்லது வாடகை ரசீது. இந்த மூன்றும் இருந்தால் வங்கி பேச ஆரம்பிக்கும்.

கொடுப்பதற்கு முன்னால் உங்கள் பக்கம் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் க்ரூஸ் என்ற அரசு மாணவர் விடுதியில் ஒன்பது சதுர மீட்டர் அறையில் இருந்தால் விருந்தாளி தங்குவதற்கு விடுதி விதி இருக்கும், அதை மீறிக் கடிதம் கொடுத்தால் உங்கள் அறைக்கே ஆபத்து. தனியார் வீடு என்றால் காசு வாங்காமல் நண்பனைத் தங்க வைக்கலாம், ஆனால் வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் உள்வாடகை வாங்கினால் அது சட்டப்படி கூடாது. தாட்சண்யம் பார்த்து நான்கு பேருக்குக் கடிதம் கொடுத்துவிட்டு முழித்தவர்களை எனக்குத் தெரியும்.

கடிதம் கொடுத்தாயிற்று, வங்கிக்குப் போயாயிற்று, கணக்கும் தொடங்கியாயிற்று. இனி அட்டை தபாலில் வரும், ரகசிய எண் தனி உறையில் வரும். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். இரண்டு வாரம் ஆயிற்று, நண்பனின் அட்டை வரவில்லை. வங்கியில் கேட்டால் அனுப்பிவிட்டோம், திரும்பி வந்துவிட்டது என்றார்கள். கீழே தபால்பெட்டிகள் வரிசையாக இருக்கும் இடத்துக்குப் போய் நின்று பார்த்தபோதுதான் உறைத்தது: என் பெட்டியில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. நம்ம ஊரில் தபால்காரருக்கு வீட்டு எண்கூடத் தேவையில்லை, 'வாத்தியார் வீடு' என்றால் வந்துவிடும். அங்கே அடுக்குமாடியில் கதவு எண் எழுதும் வழக்கமே குறைவு, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர்தான் முகவரி. உறையில் உள்ள பெயர் பெட்டியில் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே நண்பன் வந்து சேர்ந்த அன்றைக்கே ஒரு துண்டுத்தாளில் அவன் குடும்பப் பெயரை, அதாவது அவன் அப்பா பெயரை, உங்கள் பெயருக்குக் கீழே ஒட்டுங்கள். செல்லோடேப் ஒரு யூரோ, இரண்டு நிமிஷ வேலை.

கணக்கு வந்ததும் ரிப் என்று ஒரு தாள் கிடைக்கும், கணக்கு எண் விவரங்கள் அடங்கியது. வாடகை, செல்போன், மருத்துவப் பணம் திரும்ப வருவது எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். பத்து நகல் எடுத்து, ஒரு கோப்பில் வைத்து, எங்கே போனாலும் அந்தக் கோப்போடு போகச் சொல்லுங்கள். தாலுகா ஆபீஸில் 'சார், கொஞ்சம் பார்த்து' என்று நின்றால் சில நேரம் காரியம் நடக்கும். அங்கே கவுன்டரில் இருப்பவர் மிகவும் மரியாதையாக, ஒரு தாள் குறைகிறது என்பார், அவ்வளவுதான், அடுத்த சந்திப்பு மூன்று வாரம் கழித்து.

வீடு

பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாது. இதை நண்பன் ஊரில் இருக்கும்போதே பத்து தடவை சொல்லுங்கள். 'நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று அழகான படங்களோடு வரும் செய்தி அத்தனையும் மோசடி. வீடு பிடித்திருக்கிறது என்றால் நீங்கள் போய்ப் பார்த்து வீடியோ எடுத்து அனுப்பலாம், அது பெரிய உதவி.

ஜாமீன் கேட்பார்கள். பிரான்சில் சம்பளம் வாங்குகிற ஒருவர், மாணவன் வாடகை கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று எழுதித் தர வேண்டும். புதுச்சேரிச் சொந்தக்காரர்களிடம் இதைக் கேட்டுத்தான் பல உறவுகள் முறிந்திருக்கின்றன. கேட்க வேண்டியதே இல்லை. விஸால் என்று ஒரு திட்டம் இருக்கிறது, 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு இலவசமாக ஜாமீன் நிற்கும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தச் சான்றை வாங்கியிருக்க வேண்டும். நீங்களும் தயவுசெய்து நண்பனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், பாசம் வேறு, கையெழுத்து வேறு.

முன்பணம், தட்டுமுட்டுச் சாமான் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகை, சாமான்களோடு உள்ளதற்கு இரண்டு மாதம், சட்டப்படி அதற்கு மேல் கேட்கக் கூடாது. சாவி வாங்கும் நாளில் எத்தா தே லியூ என்று ஒரு தாள் நிரப்புவார்கள்: சுவரில் எத்தனை கறை, குழாய் ஒழுகுகிறதா, கட்டில் கால் ஆடுகிறதா. வெட்கப்படாமல் ஒவ்வொரு கீறலையும் எழுதச் சொல்லுங்கள், போன் டார்ச் அடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். விட்டுப்போனதை பத்து நாளுக்குள் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கிளம்பும்போது முன்பணம் முழுசாகத் திரும்புமா என்பது இந்தத் தாளில்தான் இருக்கிறது. வீட்டுக் காப்பீடு கட்டாயம், மாதம் சில யூரோதான்.

இரண்டு சின்ன விஷயம், ஆனால் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ஒன்று, கதவு. நம்ம வீட்டுக் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான், பூட்டினால்தான் பூட்டும். அங்கே பல கதவுகளுக்கு வெளியில் கைப்பிடியே திரும்பாது, இழுத்துச் சாத்தினால் சாவி இல்லாமல் திறக்க முடியாது. பாகூர்ப் பெண் இரவு ஒன்பது மணிக்குக் குப்பை போட ரப்பர் செருப்போடு கீழே இறங்கினாள், காற்றில் கதவு சாத்திக்கொண்டது, சாவியும் போனும் உள்ளே. பக்கத்து வீட்டுக்காரர் போனில் என்னைக் கூப்பிட்டாள். மாடிப்படியில் யாரோ ஒட்டியிருந்த துண்டுச் சீட்டு எண்ணுக்குப் பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டதில் அவள் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு பத்து நிமிஷத்தில் போயிற்று. அன்றிலிருந்து வருகிற எல்லோரிடமும் நான் சொல்வது: இன்னொரு சாவி ஒரு நண்பனிடம் இருக்கட்டும், கழுத்தில் மாட்டும் கயிறு ஒன்று வாங்கு.

இரண்டு, புகை. 2015இலிருந்து எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். மிளகாய் வற்றல் தாளித்தால் அது ஊரைக் கூட்டும். ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளியுங்கள். துணி போட்டு அதை மூடிவிட்டு மறந்துபோகும் கெட்ட பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது, அது தப்பு.

மூன்று மாதக் கெடு

மாணவர் விசா பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. நீண்டகால விசாவில் வந்தவர் பிரான்சுக்குள் நுழைந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிசெய்து, கட்டணம் கட்டி, அந்த ரசீதை வைத்திருக்க வேண்டும். இது தவறினால் அங்கே இருப்பதே சட்டப்படி சரியில்லை என்றாகிவிடும். முதல் வாரத்திலேயே செய்துவிடலாம், முகவரி இருந்தால் போதும். பாகூர்ப் பெண் இதற்காக மேரிக்குப் போய் வரிசையில் நின்றாள். நமக்கு மேரி என்றால் கடற்கரைச் சாலைக் கட்டடம், அங்கே ஊருக்கு ஊர் மேரி உண்டு, நகராட்சி அலுவலகம்தான் அது, விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போதும் இணையத்தில்தான், காலாவதிக்கு நான்கு மாதம் முன்னாலிருந்து இரண்டு மாதம் முன்னால் வரைக்கும் உள்ள இடைவெளியில் விண்ணப்பித்துவிட வேண்டும். நண்பன் போனில் அந்தத் தேதிக்கு அலாரம் வைக்கச் சொல்லுங்கள், உங்கள் போனில் வைக்காதீர்கள்.

சிவெக் என்ற மாணவர் கட்டணம், 2025-26இல் 105 யூரோ, பல்கலைக்கழகப் பதிவுக்கு முன்னாலேயே கட்ட வேண்டும், அந்தச் சான்று எண் இல்லாமல் பதிவே நடக்காது. அது முடிந்ததும் அமெலி. மருத்துவக் காப்பீடு, மாணவர்களுக்கு இலவசம், வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனி இணையப் பக்கம் இருக்கிறது. நான் மேலே சொன்ன பிறப்புச் சான்றிதழ் இங்கேதான் வேலைக்கு வரும். முதலில் தற்காலிக எண், அப்புறம் நிரந்தர எண்.

எண் வந்த வாரத்திலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, டாக்டோலிப் செயலியை அவர்கள் போனில் போட்டு, அவர்களே ஒரு பொது மருத்துவரைத் தேடி, அவர்களே நேரம் வாங்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடியுங்கள். அந்த டாக்டரை மெத்சான் த்ரெத்தான், அதாவது தன் வழக்கமான மருத்துவர் என்று பதிவு செய்துவிட்டால், 30 யூரோ கட்டணத்தில் 70 சதவீதம் அளவுக்குத் திரும்ப வரும், பதிவு செய்யாவிட்டால் அதில் பெரும் பகுதி போய்விடும். பிப்ரவரிக் காய்ச்சலுக்குப் பிறகு நான் இதில் கறார். புதிதாக வந்த இரண்டு பேரில் ஒருவன், 'அண்ணா, நீங்களே பேசிடுங்களேன், எனக்கு வாயே வரலை' என்று கெஞ்சினான். வரவில்லை என்றால் எழுதி வைத்துப் படி என்றேன். நான்கு வரி எழுதி, போனைக் காதில் வைத்து, வியர்த்து விறுவிறுத்துப் படித்தான். மறுமுனையில் இருந்தவர் என்ன கேட்டாரோ, இவன் அதே நான்கு வரியை இன்னொரு முறை படித்தான். ஆனாலும் செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு நேரம் கிடைத்தது. அவசரம் என்றால் 15, எதுவும் ஞாபகம் வராவிட்டால் 112, இந்த இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

படிப்பு

இதில் அதிகம் சொல்ல மாட்டேன், ஒன்றைத் தவிர. மதிப்பெண் இருபதுக்கு. பத்து வாங்கினால் தேர்ச்சி, பன்னிரண்டு பரவாயில்லை, பதினான்கு நன்று, பதினாறு மிக நன்று. பதினெட்டு என்பதை நான் யார் தாளிலும் பார்த்ததில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் வளர்ந்த பிள்ளைகள் பதினொன்றைப் பார்த்ததும் உடைந்துபோவார்கள், ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் ஐம்பத்தைந்து சதவீதம் என்று மொழிபெயர்த்துச் சொல்லி அழுவார்கள், அம்மாவும் அழுவார். முதல் தேர்வுக்கு முன்னாலேயே இந்தக் கணக்கைச் சொல்லிவையுங்கள், அம்மாவுக்கும் சேர்த்து.

பணமும் வேலையும்

விசாவுக்குக் காட்டச் சொல்வது மாதம் 615 யூரோ. பாரிஸில் அது அறை வாடகைக்கே போதாது, லியோனில் இழுத்துப் பிடித்தால் க்ரூஸ் அறையில் ஓடும். க்ரூஸ் உணவகத்தில் நான் படித்தபோது ஒரு முழுச் சாப்பாடு 3.30 யூரோ, நாமே சமைப்பதைவிடச் சில நாள் அதுவே லாபம். வாடகைக்கு அரசு உதவித்தொகை வரும் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம், வெளிநாட்டு மாணவர்களுக்கான விதி மாறிக்கொண்டிருக்கிறது, வந்தால் வரவு.

மாணவர் விசாவில் வருஷத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். அங்கே சட்டப்படி ஒரு முழு வருஷ வேலை 1607 மணி நேரம், அதில் 60 சதவீதம், அதுதான் இந்த விநோதமான எண். ஒப்பந்தம் இல்லாமல் கையில் காசு தருகிறேன் என்று கூப்பிடுகிறவர்களில் நம்மவர்களும் உண்டு, தமிழில் அன்பாகப் பேசுவார்கள், இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைப்பார்கள், புகார் கொடுக்கவும் முடியாது. நண்பனுக்கு அப்படி ஒரு வேலையை நீங்கள் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கடன். முதல் மாதம் முன்பணம், வாடகை, பயண அட்டை என்று எல்லாம் ஒரே நேரத்தில் வரும், ஊரிலிருந்து வரும் பணம் தாமதமாகும், நண்பன் கேட்பான், நீங்களும் கொடுப்பீர்கள். கொடுங்கள், ஆனால் ஒரு நோட்டில் தேதி போட்டு இருவரும் எழுதுங்கள். இன்னொன்று, எதையும் உங்கள் பெயரில் எடுத்துக் கொடுக்க வேண்டாம். நான் அவசரத்துக்கு என் பெயரில் ஓர் இணைய இணைப்பு எடுத்துக் கொடுத்து, அதை முறித்துக்கொள்ளப் பதிவுத் தபால் அனுப்பி, ரவுட்டர் பெட்டியைத் திருப்பி அனுப்பி, அப்புறமும் மூன்று மாதம் பணம் பிடித்தார்கள். போன் செய்து கேட்டால் அழகான இசை போடுவார்கள்.

நவம்பர்

செப்டம்பரில் வருகிறவர்களுக்கு வெயிலும் புதுமையுமாக இரண்டு மாதம் ஓடிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். ஊருக்கும் நமக்கும் இடையில் மூன்றரை மணி நேரமாக இருந்தது நாலரை ஆகிவிடும், வகுப்பு முடித்து வந்து கூப்பிட்டால் வீட்டில் படுத்துவிட்டிருப்பார்கள். டிசம்பரில் மாலை ஐந்துக்கே இருட்டு. அப்போதுதான் ஆட்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், வகுப்புக்குப் போவதை நிறுத்துவார்கள், 'தூக்கம் மச்சான்' என்பார்கள். தாள்கள் எல்லாம் முடிந்துவிட்டது, இனி என் வேலை முடிந்தது என்று நீங்கள் நினைக்கிற நேரமும் அதுவேதான்.

நான் செய்தது ஒன்றும் பெரிதில்லை, புதன்கிழமை இரவு என் அறையில் ரசம் சோறு, யார் வேண்டுமானாலும் வரலாம், வருகிறவர் ஒரு காய் கொண்டு வர வேண்டும். லியோனில் கியோத்தியேர் பக்கத்து ஆசியக் கடைகளில் பாதிச் சாமான் கிடைக்கும், பாரிஸ் போகிறவன் லா ஷப்பேலில் ஈழத்தமிழர் கடைகளிலிருந்து முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி வருவான். ஆனால் வாரம் ஏழு நாளும் தமிழ் அறைக்குள்ளேயே கிடக்க விட்டுவிடாதீர்கள், ஆறு மாதத்தில் பிரெஞ்சும் வராது, வகுப்பில் ஒரு நண்பனும் இருக்க மாட்டான். டிசம்பர் 8 லியோனில் ஒவ்வொரு ஜன்னலிலும் கண்ணாடிக் கிண்ணத்தில் மெழுகுவிளக்கு ஏற்றி வைப்பார்கள், 1852இல் ஃபூர்வியேர் குன்றில் மாதா சிலை வைத்த அன்றிலிருந்து வரும் வழக்கம். அன்று இவர்களையெல்லாம் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கார்த்திகையும் அந்தச் சமயத்தை ஒட்டித்தான் வரும். கடலூர்க்காரன் ஒரு பழைய வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றுவிட்டு, 'அகல் மட்டும்தான்டா இல்லை' என்றான். அன்று இரவு அவனே நான்கு விளக்கு வாங்கிவந்து தன் ஜன்னலில் வைத்தான், வைக்கும்போது புகைக் கருவியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டான்.

நீங்கள் கிளம்பும்போது

உங்கள் படிப்பு முடிந்து அறையைக் காலி செய்யும் நாளும் வரும். குக்கர், மெத்தை, குளிர்கோட்டு, துணி காயவைக்கும் கம்பி, எல்லாவற்றையும் அடுத்து வருகிறவனுக்கு விட்டுவிட்டு வாருங்கள், விமானத்தில் கிலோவுக்குப் பணம் கட்டித் தூக்கி வரத் தகுதியானது அதில் ஒன்றுமில்லை. உங்கள் பெயரில் உள்ள மின்சாரம், காப்பீடு இரண்டையும் முடித்துவிடுங்கள், அடுத்து வருகிறவன் தன் பெயரில் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்த தங்கும் கடிதங்கள் யார் யாரிடம் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்து, அவரவர் வங்கியில் புது முகவரி கொடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள். கடைசியாகத் தபால்பெட்டி. நான் கிளம்பும் அன்று என் பெயர்ச் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து முத்தியால்பேட்டையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த அறையில் இப்போது இருக்கும் பையன் ஒரு படம் அனுப்பினான்: என் பெயருக்கு வந்த பதினேழு உறை, 'அண்ணா, இதை என்ன பண்றது?'